கூட்டணுமா, கழிக்கணுமா?

புதிதாக வேலையில் சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளைக் கையில் வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

பாடக்குறிப்பு எழுதுவது, பதிவேடு பராமரிப்பது, வட்டாரக் கல்வி அலுவலர் வரும் நாளில் எதை மேசைமேல் எடுத்து வைப்பது என்பதெல்லாம் ஆறு மாதத்தில் தானாகப் பழகிவிடும். அதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. ஒரு கணக்கைக் கேட்டதும் ஆறேழு வயதுப் பிள்ளை அதை எந்தப் பக்கமாகப் போய்ப் பிடிக்கிறது என்று பார்க்கப் பழகுவதுதான் கடினம். நம்மில் பலர் ஓய்வுபெறும்வரை விடையை மட்டுமே பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். தொடக்கப் பள்ளியிலேயே காலம் தள்ளியவள் என்ற உரிமையில் சொல்கிறேன், உதவுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. சொல்லிக்கொடுக்கும் முன் கொடுத்துப் பாருங்கள்

முதல் நாளே கரும்பலகையில் 5 + 3 என்று எழுதிவிடாதீர்கள். பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு கை புளியங்கொட்டை கொடுத்து, வாயாலேயே ஒரு கணக்குச் சொல்லுங்கள். "மல்லிகாகிட்ட 5 நெல்லிக்காய் இருந்துச்சு. ஆயா இன்னும் கொஞ்சம் கொடுத்தாங்க. இப்போ 8 இருக்கு. ஆயா கொடுத்தது எத்தனை?" சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நான் எழுதும் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை இதுதான்.

ஒரு பிள்ளை ஐந்து கொட்டையை எடுத்து வைக்கும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, எட்டு வந்ததும் நிறுத்தும். சேர்த்ததை மட்டும் எண்ணப் போகும்போது எது முதலில் வைத்தது, எது பிறகு வைத்தது என்று தெரியாமல் முழிக்கும். இரண்டாம் தடவை கொஞ்சம் இடம் விட்டு வைக்கும். இன்னொரு பிள்ளை கொட்டையைத் தொடாது. "அஞ்சு" என்று சொல்லிவிட்டு, "ஆறு, ஏழு, எட்டு" என மூன்று விரலை நீட்டி, விரலைப் பார்த்து "மூணு" என்னும். ஓரமாக உட்கார்ந்திருக்கும் மூன்றாவது பிள்ளை, "அஞ்சும் அஞ்சும் பத்து, எட்டுன்னா ரெண்டு கம்மி, அப்போ மூணு" என்று சொல்லி உங்களையே யோசிக்கவைக்கும்.

இந்த மூன்று பேரில் ஒருவர்கூட எட்டிலிருந்து ஐந்தைக் கழிக்கவில்லை. உங்களுக்கும் எனக்கும் அது கழித்தல் கணக்கு. பிள்ளைக்கு அது ஆயா நெல்லிக்காய் கொடுத்த கதை. கொடுத்தால் கூடத்தானே செய்யும்? கதையில் நடந்ததை அப்படியே கொட்டையை வைத்து நடத்திப் பார்க்கிறது. இந்த வயதில் கணக்குப் போடுவது என்பதே பெரும்பாலும் நடத்திப் பார்ப்பதுதான்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கார்ப்பெண்டரும் அவருடைய சகாக்களும் 1970களின் கடைசியிலிருந்து இதைத்தான் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதிவந்தார்கள். முதலில் பொருளை வைத்து நடத்துவது, பிறகு எண்ணி எண்ணிப் போவது, பிறகு தெரிந்த விடையிலிருந்து தெரியாத விடைக்கு நகர்வது என்று வரிசையும் சொன்னார்கள். 1993-இல் ஒன்றாம் வகுப்புக்கும் முந்தைய வகுப்பில் இருந்த 70 பிள்ளைகளிடம் அவர்கள் கேட்ட ஒரு கணக்கு இது: 19 பேர் மினி பஸ்ஸில் மிருகக்காட்சி சாலைக்குப் போகிறார்கள், 7 இருக்கை, இருக்கைக்கு இரண்டு பேரோ மூன்று பேரோ உட்காரவேண்டும், எத்தனை பேர் மூன்று மூன்றாக நெருக்கி உட்காரவேண்டியிருக்கும்? பெருக்கலோ வகுத்தலோ கேள்விப்பட்டிராத வயது. ஏறக்குறைய பாதிப்பேர் சரியாகச் செய்தார்கள். ஏழு இடம் வைத்து, 19 வில்லைகளைப் பங்கிட்டு, ஏறாமல் நின்றவர்களை நெருக்கி உட்காரவைத்துவிட்டார்கள். அந்த வகுப்புகளில் வருடம் முழுக்கக் கதைக் கணக்குகள் கேட்டுவந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். பழக்கம் இல்லாமல் வந்ததல்ல.

2. ஒரே விடை, வேறு வேறு கணக்கு

கீழே உள்ள மூன்றுக்கும் விடை 3.

8 நெல்லிக்காயில் 5-ஐத் தின்றாள், மீதி எத்தனை?
5 இருந்தது, ஆயா கொடுத்தார், 8 ஆனது, கொடுத்தது எத்தனை?
கொஞ்சம் இருந்தது, ஆயா 5 கொடுத்தார், 8 ஆனது. முதலில் எத்தனை இருந்தது?

நமக்கு மூன்றும் 8 − 5. பிள்ளைக்கு மூன்றாவது மிகக் கடினம், ஏனென்றால் கதையை எங்கே தொடங்குவது என்றே தெரியாது. முதலில் எத்தனை கொட்டை வைப்பது? முதல் வகையை மட்டுமே நூறு போட்டுக் கொடுத்துவிட்டு "கழித்தல் முடிந்தது" என்று பதிவேட்டில் எழுதுவது நம் வழக்கம். ஆண்டுத் தேர்வில் மூன்றாவது வகை வந்தால் வகுப்பே எட்டும் ஐந்தும் பதிமூன்று என்று எழுதிவைக்கும்.

ஒப்பிடும் கணக்கு இன்னொரு வம்பு. டாம் ஹட்சன் என்பவர் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் பறவைகளும் புழுக்களும் உள்ள படங்களைக் காட்டினார். "புழுவைவிடப் பறவை எத்தனை அதிகம்?" என்று கேட்டபோது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 64 சதவீதம்தான் சரியாகச் சொன்னார்கள். "ஆளுக்கு ஒரு புழு எடுத்தால் எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது?" என்று அதே படத்தை வைத்துக் கேட்டபோது நூற்றுக்கு நூறு. நீங்கள் செய்யவேண்டியது சுலபம்: முதலில் சாப்பாட்டுத் தட்டும் பிள்ளைகளும், பென்சிலும் மூடியும் என்று ஜோடி சேர்க்கும் கேள்வியாகக் கேளுங்கள். "எத்தனை அதிகம்" என்ற கேள்வி பிறகு வரட்டும்.

3. "டீச்சர், கூட்டணுமா, கழிக்கணுமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள்.

பதில் சொன்னால் கணக்கில் யோசிக்கவேண்டியது அத்தனையும் நீங்களே செய்து முடித்துவிட்டீர்கள். பிள்ளைக்கு மிஞ்சுவது எண்ணிக்கை மட்டும். "கதையை எனக்கு ஒரு தடவை சொல்லு" என்று திருப்பிக் கேளுங்கள். எண் இல்லாமல் சொல்லச் சொல்லுங்கள். யாரிடம் இருந்தது, என்ன ஆனது, எது தெரியவேண்டும்? கதை சொல்லத் தெரிந்த பிள்ளை பெரும்பாலும் அதற்குள்ளேயே வழியையும் கண்டுவிடும். தடுமாறினால் சிக்கல் கணக்கில் இல்லை, கதை புரியவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

சில வகுப்பறைகளில் சுவரில் ஓர் அட்டை தொங்கும்: "மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, அதிகம் என்றால் கூட்டு." நல்லெண்ணத்தில் தொங்கவிட்டதுதான். கழற்றிவிடுங்கள். "ராமுவிடம் மொத்தம் 12 கோலிக்குண்டு, அதில் 5 சிவப்பு, மற்றவை பச்சை, பச்சை எத்தனை?" என்று கேளுங்கள். மொத்தம் என்ற சொல்லைப் பார்த்ததும் பிள்ளை 17 என்று எழுதும். "கண்ணனிடம் 9 இருக்கிறது, அது மீனாவிடம் இருப்பதைவிட 4 அதிகம், மீனாவிடம் எத்தனை?" என்றால் 13. சொல்லைப் பிடித்துக்கொண்டு கதையை விட்டுவிடப் பழக்கியது அந்த அட்டைதான். வாக்கியக் கணக்கு என்றாலே இரண்டு எண்ணைப் பொறுக்கி எடுத்து நடுவில் ஒரு குறி போடுவது என்று பிள்ளை முடிவுகட்டிவிடுகிறது.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. பிரான்சில் கிரனோபிள் நகரத்தில் 1980 வாக்கில் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 97 பேரிடம் ஒரு கேள்வி கொடுத்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன? 76 பேர் எண்களைக் கூட்டியோ கழித்தோ வயதைச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. டீச்சர் கேட்டால் விடை இருக்கும், கொடுத்த எண்ணையெல்லாம் பயன்படுத்தவேண்டும் என்று பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்கள். மாதத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு விடையில்லாத கணக்கை நடுவே செருகிவிடுங்கள். தேவையில்லாத எண் ஒன்று உள்ள கணக்கும் கொடுங்கள். இரண்டு மாதத்தில், "டீச்சர், இதுக்கு விடை கெடையாது, ஏமாத்துறீங்க" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் வந்த நாளை நாட்குறிப்பில் குறித்துவைக்கலாம்.

4. விரலை மடக்கச் சொல்லாதீர்கள்

விரல் விட்டு எண்ணுவது மக்குத்தனம் என்று நம்பும் பெற்றோர் இன்றும் உண்டு, ஆசிரியர்களும் உண்டு. பிள்ளை மேசைக்கு அடியில் ஒளித்துவைத்து எண்ணும். ஒளிந்து எண்ணினால் நமக்கு ஒன்றும் தெரியாது. வெளியே எண்ணட்டும், கவனியுங்கள். 2 + 7 என்றால் "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்து ஒன்பது வரை எண்ணுகிறதா? "ரெண்டு" என்று சொல்லிவிட்டு அதன்மேல் ஏழு விரல் போகிறதா? ஏழில் ஆரம்பித்து "எட்டு, ஒன்பது" என்று இரண்டே விரலில் முடிக்கிறதா? இந்த மூன்றுக்கும் நடுவே பல மாதப் பயணம் இருக்கிறது. பெரிய எண்ணில் தொடங்கினால் வேலை குறைவு என்பதைப் பல பிள்ளைகள் யாரும் சொல்லாமல் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். நாம் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டால் அந்தச் சந்தோஷம் போய்விடும், அவ்வளவுதான்.

பாட்டி வீட்டில் வளர்ந்த பிள்ளை கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுவைத் தொட்டு எண்ணும். ஒரு விரலுக்கு மூன்று, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. அதையும் வகுப்பில் எல்லோருக்கும் காட்டச் சொல்லுங்கள். மும்மூன்றாகப் பெருக்க வேறு கருவி வேண்டாம்.

5. தப்பு விடைக்குள்ளும் ஒரு கணக்கு உண்டு

52 − 27 = 35 என்று எழுதியிருந்தால் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டுவிட்டு நகராதீர்கள். ஒன்றுகள் இடத்தில் 2 சிறியது, 7 பெரியது. சின்னதிலிருந்து பெரியதை எடுக்க முடியாது, ஆகவே பெரியதிலிருந்து சின்னதை எடுத்திருக்கிறது. விதி தப்பு, ஆனால் விதி உண்டு. 38 + 25 = 513 என்று எழுதிய பிள்ளை எட்டும் ஐந்தும் பதின்மூன்று, மூன்றும் இரண்டும் ஐந்து என்று சரியாகவே கூட்டியிருக்கிறது. நூற்று ஐந்தை 1005 என்று எழுதுவது காதில் விழுந்ததை ஒழுங்காக எழுதியது. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-இலேயே கழித்தலில் வரும் இப்படிப்பட்ட தப்புகளை ஆராய்ந்து, பிள்ளைகள் பெரும்பாலும் கவனக்குறைவால் தவறுவதில்லை, ஒரு தவறான முறையை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள் என்று காட்டினார்கள். ஒரே மாதிரி ஐந்து கணக்கு போடச் சொன்னால் முறை உங்கள் கண்ணுக்கும் தெரிந்துவிடும்.

மருந்து என்ன? மறுபடி "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று பாட்டுப் பாடுவதில் பயன் குறைவு. பத்துப் பத்துக் குச்சியாகக் கட்டிய ஐந்து கட்டும், உதிரி இரண்டும் கையில் கொடுத்து, 27 குச்சி எனக்குத் தா என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் முதலில் இரண்டு கட்டைத் தூக்கி உங்களிடம் கொடுத்துவிடுவார்கள். பிறகு ஏழுக்கு வழி தேடி, ஒரு கட்டைப் பிரிப்பார்கள். பாடநூல் இனமாற்றம் என்று சொல்வது இதைத்தான். கவனித்தீர்களா, நாம் வலதுபக்கத்து ஒன்றுகளில் ஆரம்பிக்கச் சொல்கிறோம். பிள்ளை தன் போக்கில் விட்டால் பெரியதிலிருந்து ஆரம்பிக்கிறது. மளிகைக் கடையில் மனக்கணக்காகக் கூட்டும்போது நாமும் அப்படித்தான் செய்கிறோம். எழுத்துக்கணக்கு முறை பிறகு வரட்டும். கொஞ்ச நாள் பிள்ளையை அதன் வழியிலேயே போகவிடுங்கள்.

"எப்படிப் போட்டே?" என்று சரியான விடைக்கும் கேளுங்கள். தப்புக்கு மட்டும் கேட்டால், டீச்சர் எப்படி என்று கேட்டாலே அழித்துவிட வேண்டும் என்று பிள்ளை புரிந்துகொள்ளும். அப்புறம் உங்களுக்கு ரப்பர் தூள்தான் மிச்சம்.

6. மூன்று வினாடி

கேள்வி கேட்டுவிட்டு மூன்று வினாடியாவது காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அம்மையார் 1970களில் வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்றாக்கியதும் பிள்ளைகள் நீளமாகவும் யோசித்தும் பேசினார்கள். மூன்று வினாடி என்பது வகுப்பில் நிற்கும்போது மூன்று நிமிடமாகத் தெரியும். மனசுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். கை தூக்கிக்கொண்டு "டீச்சர் டீச்சர்" என்று துள்ளும் இரண்டு பேரையும் அதுவரை அடக்கிவையுங்கள்.

7. சமக்குறி

8 + 4 = □ + 5. கட்டத்தில் என்ன வரும்? உங்கள் மூன்றாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 12 என்றும் 17 என்றும் வரும். 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரும், ஒருவர் மிச்சமில்லாமல், 12 அல்லது 17 என்றே சொன்னார்கள். "=" என்றால் "இனி விடையை எழுது" என்று புரிந்துவைத்திருக்கிறார்கள். நாம்தான் 3 + 4 = என்று ஒரே திசையில் ஆயிரம் தடவை எழுதிக்காட்டினோம். இன்றிலிருந்து 7 = 3 + 4 என்றும், 5 + 2 = 4 + 3 என்றும் எழுதுங்கள். தராசு இருந்தால் இரண்டு தட்டிலும் கொட்டையை வைத்துக் காட்டுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

8. சந்தையில் தெரிந்தது நோட்டில் தெரியாமல் போகும்

பூ விற்கும் அம்மாவோடு சாயங்காலம் உட்காரும் பெண், முழம் 30 என்றால் நாலு முழத்துக்கு எவ்வளவு, இருநூறு ரூபாய்க்கு மீதி என்ன என்று கண்ணிமைக்கும் முன் சொல்லும். அதே பெண் 200 − 120 என்று நோட்டில் கண்டால் விழிக்கும். பிரேசிலில் ரெசிஃபே நகரத்துத் தெருவில் விற்ற ஐந்து பிள்ளைகளைப் பற்றி 1985-இல் தெரெசினா நூனஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் எழுதினார்கள். தேங்காய் 35, பத்து வேண்டும் என்றதும், மூன்றுக்கு 105, இன்னொரு மூன்றுக்கு 210 என்று ஏறிப்போய் 350 என்றான் ஒரு பையன். பத்தால் பெருக்க ஒரு பூஜ்யம் போட்டால் போதும் என்ற பள்ளிக்கூட வழியை அவன் தொடவே இல்லை. தெருவில் அந்தப் பிள்ளைகளின் விடைகளில் 98 சதவீதம் சரி. அதே கணக்குகளை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்.

நம் நாட்டில் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் 2025-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. அதோடு இன்னொரு பாதியையும் சொல்கிறது: சந்தைக்குப் போகாமல் பள்ளியில் மட்டும் படிக்கும் பிள்ளைகள் நோட்டுக் கணக்கைச் செய்துவிட்டுக் கடைக் கணக்கில் தடுமாறினார்கள். ஆக இரண்டு கரையும் தனித்தனியாக நிற்கிறது. பாலம் போடுவது நம் வேலை. அந்தப் பூக்காரப் பெண் வாயால் சொன்ன வழியை, அவள் சொன்ன வரிசையிலேயே, கரும்பலகையில் எண்ணாக எழுதிக்காட்டுங்கள். "நீ போட்டது இதுதான்" என்று சொல்லுங்கள். மறுநாள் அவளே எழுதட்டும்.

9. வாய்ப்பாடு வேண்டும், முதலில் வேண்டாம்

வாய்ப்பாடே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எட்டேழு ஐம்பத்தாறு என்று நாக்கில் இருந்தால்தான் மூளை வேறு வேலைக்கு நேரம் பெறும். திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடியிலிருந்து நமக்கு வந்த பலம் அது. ஆனால் நாலு நாலாக ஆறு குவியல் வைத்துப் பார்க்காத பிள்ளைக்கு ஆறு நாலு இருபத்துநாலு வெறும் பாட்டு. இன்னொன்று: மின்னல் வேகத்தில் கூட்டப் பழக்கும் அபாகஸ் வகுப்புக்குப் போகும் பிள்ளை வகுப்பில் இருந்தால் பெற்றோரைக் கடிந்துகொள்ளவேண்டாம். கணக்கு அந்தப் பிள்ளைக்கு நன்றாக வரும் என்று நீங்களாக முடிவுகட்டவும் வேண்டாம். வேகம் வேறு, வழி தேடுவது வேறு.

10. அரும்பு, மொட்டு, மலர்

தமிழ்நாட்டில் 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகளை அவர்கள் கற்றிருக்கும் அளவை வைத்து இந்த மூன்று நிலையாகப் பார்க்கிறோம். ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு மாரடிப்பவருக்கு அது உதவிதான். ஆனாலும், முதல் நிலையான அரும்பில் இருக்கும் பிள்ளைக்கு வாசிக்க வராமல் இருக்கலாம், யோசிக்க வராது என்று பொருளில்லை. வாக்கியக் கணக்கை வாயால் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால், கதையைக் கொட்டையால் நடித்தே காட்டுங்கள். எண் ஓடிவிடும், தமிழ் பின்னால் வரும்.

11. பிள்ளைகளே கணக்குச் சொல்லட்டும்

சீக்கிரம் முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும் ஆளுக்கு இன்னும் பத்துக் கணக்கு கொடுக்காதீர்கள். நன்றாகச் செய்ததற்குத் தண்டனை போலாகும். "நீ ஒரு கணக்குச் சொல்லு, நாங்க போடுறோம்" என்று கேளுங்கள்.

முதலில், "என்கிட்ட 3 பேனா இருக்கு, தம்பிகிட்ட 2 பென்சில் இருக்கு" என்று சொல்லிவிட்டு நிற்கும். கேள்வி இருக்காது. சிரிக்காமல், "இதுல எனக்கு என்ன தெரியணும்?" என்று கேட்டால் போதும். கொஞ்ச நாளில் கேள்வி வரும். ஆனால் எல்லாம் கூட்டலாகவே இருக்கும், ஆயிரம் லாரியும் லட்சம் ரூபாயும் வரும். அதற்குப் பிறகு ஒருநாள், "எங்க கோழி எத்தனை முட்டை வச்சுச்சுன்னு தெரியல, நாய் மூணு தின்னுடுச்சு, இப்போ நாலு இருக்கு" என்று ஒரு கணக்கு வரும். தொடக்கம் தெரியாத வகை, நான் இரண்டாவது பகுதியில் மிகக் கடினம் என்று சொன்னது. அதைப் போடுவதைவிடச் சொல்வது கடினம்.

இந்தக் கணக்குகளைப் பிள்ளை பேசிய பேச்சிலேயே ஒரு நீள நோட்டில் எழுதிவையுங்கள். ஜூன் மாதம் புதிய வகுப்பு வரும்போது பாடநூலைத் திறக்கும் முன் இவற்றிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அறையிலிருந்து அந்தக் கோழிக்காரப் பிள்ளை எட்டிப் பார்த்து, "ஏழு, டீச்சர்!" என்று விடையைச் சொல்லிவிட்டுப் போய்விடும்.